காற்று முதலில், ரீட் கடைசியில்: பழைய கால் ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்க முழுமையான வழிகாட்டி

நூறு வயதைக் கடந்த ஒரு கால் ஆர்மோனியம் ஒலி எழுப்பாமல் நின்றுவிட்டால், அதன் ரீட்கள் கெட்டுவிட்டன என்றே பலரும் முடிவு செய்கிறார்கள். உடனே பெட்டியைத் திறந்து பித்தளை நாக்குகளைச் சுரண்டவும் தொடங்கிவிடுகிறார்கள். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் ரீட்டில் இருந்ததில்லை, துருத்தியில்தான் இருந்தது. பித்தளை அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. துணி இற்றுப்போகும், தோல் விறைத்துப்போகும், பசை உதிரும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் காற்றுக் கசிவை அடைக்க வேண்டும், பிறகு கட்டைகளையும் வால்வுகளையும் சீராக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகே ரீட்டைத் தொட வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

சிறிய பித்தளைச் சட்டம் ஒன்றில் நீளவாக்கில் ஒரு துளை. அத்துளையின் மேல், ஒரு முனை மட்டும் ஆணியால் இறுக்கப்பட்ட மெல்லிய நாக்கு. இவ்வளவுதான் ரீட். காற்று கடக்கும்போது நாக்கின் மறுமுனை துளைக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது. நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இங்கே நாக்கு எதன்மீதும் மோதாமல், சட்டத்தின் ஓரங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளியில் ஊசலாடுகிறது. அந்த மயிரிழையில் ஒரு தூசி சிக்கினால் போதும், அந்தச் சுரம் ஊமையாகிவிடும்.

இதே தத்துவத்தில் இயங்கும் ஷெங் என்ற வாய்க் கருவி சீனாவில் மிகப் பழங்காலம் முதல் வழக்கில் இருக்கிறது. ஐரோப்பாவில், பிரான்ஸைச் சேர்ந்த கிரெனியே என்பவர் 1810 வாக்கில் இத்தகைய நாக்குகளைக் கொண்ட ஆர்கன் ஒன்றை உருவாக்கினார். பாரிஸில் அலெக்சாண்டர் டெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற கருவிதான் 'ஹார்மோனியம்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. பிரெஞ்சு ஆர்மோனியத்தில் காற்று உள்ளிருந்து ரீட் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. அமெரிக்கர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள்: அவர்களுடைய ரீட் ஆர்கனில் துருத்தி காற்றை வெளியேற்றி உள்ளே வெற்றிடத்தை உண்டாக்க, வெளிக்காற்று ரீட் வழியாக உறிஞ்சப்படுகிறது. பாஸ்டனில் 1854இல் தொடங்கிய மேசன் அண்ட் ஹாம்லின், வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோவில் இயங்கிய எஸ்டே ஆகிய நிறுவனங்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை. எஸ்டே மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரீட் ஆர்கன்களைச் செய்து அனுப்பியது. இன்று பழுதுபார்க்கக் கிடைக்கும் பெட்டிகளில் இந்த உறிஞ்சும் வகை மிகுதி என்பதால், இங்கே விவரிக்கும் முறை அதையே முதன்மையாகக் கொண்டது.

நம் பக்கத்தில் இக்கருவிக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று தேவாலயம், மற்றொன்று ஸ்பெஷல் நாடக மேடை. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்திலும் பவளக்கொடியிலும் பின்பாட்டுக்காரர் காலால் துருத்தியை மிதித்தபடி இரு கைகளாலும் வாசித்துக்கொண்டே தாமும் பாடுவார். கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்கே போய்விடும். சுருதியை ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று நாம் இன்றும் சொல்வது இக்கருவியின் கட்டைகளை எண்ணித்தான். வெள்ளைக் கட்டைகளில் 'சி' ஒன்று, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து; நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை. பழுதுபார்க்கும்போது ரீட்டில் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகளை இந்தக் கணக்கோடு பொருத்திக்கொள்வது வசதியானது.

திறப்பதற்கு முன்

பெட்டி வீட்டுக்கு வந்ததும் மிதியை வேகமாக மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் மடிந்தே கிடந்த துணி, முதல் மிதியிலேயே மடிப்போரம் கிழிந்துவிடும். கிழிந்த துணி பிறகு அளவெடுக்கக்கூட உதவாது. முதலில் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால் மரம் உளுத்திருக்கிறது. மண் தடம் இருந்தால் கரையான். இரண்டில் எது இருந்தாலும் அதற்கான மருத்துவத்தை முடித்த பிறகே அந்தப் பெட்டி மற்ற மரச்சாமான்களின் அருகே வரலாம். எலி குடியிருந்த பெட்டியானால் முகக்கவசம் அணிந்துகொண்டே பின்பலகையைக் கழற்ற வேண்டும்.

பிறகு எல்லா ஸ்டாப் குமிழ்களையும் (எந்த ரீட் வரிசை ஒலிக்க வேண்டுமோ அதைத் திறக்க இழுக்கும் குமிழ்கள்) உள்ளே தள்ளிவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மெதுவாக அழுத்துங்கள். ஊதுபத்தி ஒன்றை ஏற்றிப் பின்பலகை இடுக்குகளிலும் துருத்தியின் மடிப்புகளிலும் காட்டினால், உறிஞ்சும் வகைப் பெட்டியில் புகை எந்த இடத்தில் உள்ளே இழுபடுகிறதோ அங்கே கசிவு இருக்கிறது. துணிக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மிதி கனமில்லாமல் பொத்தென்று இறங்கினால் மிதித்துருத்தியின் துணியோ அதன் வால்வோ போய்விட்டது. மிதி கனமாகவே இருந்தும் சுரம் எழவில்லை என்றால் துருத்தி ஓரளவு நலமாக இருக்கிறது, கோளாறு மேலே இருக்கிறது.

வரிசை எண்ணையும் பெயர்ப்பலகையையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே, வெளியார் கண்ணில் படாத பலகைகளில், வேலை செய்த தொழிலாளி பென்சிலால் எழுதிவைத்த பெயரோ தேதியோ சில பெட்டிகளில் கிடைக்கும். அதை மணல்தாளால் தேய்த்துவிட வேண்டாம்.

கழற்றுதல்

ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுங்கள். 'இது மறக்காது' என்று நாம் நினைக்கும் கம்பிதான் திரும்பப் பூட்டும்போது எங்கே போவது என்று தெரியாமல் கையில் மிஞ்சும். ஓர் அட்டையில் பெட்டியின் வரைபடத்தைக் கிறுக்கி, கழற்றிய திருகாணிகளை அந்தந்த இடத்திலேயே குத்திவைப்பது எளிய வழி. பழைய திருகாணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. நீளமான ஒன்று தவறான துளைக்குள் போனால் பலகையைத் துளைத்துக்கொண்டு காற்றறைக்குள் நீட்டிவிடும்.

மேல்மூடி, பின்பலகை, முழங்கால் நெம்புகோல்களின் இணைப்பு, மிதி நாடா என்ற வரிசையில் பிரித்த பிறகு, கட்டை வரிசையும் ரீட் அறையும் சேர்ந்த மேல்பகுதியைத் துருத்திப் பலகையோடு பிணைத்திருக்கும் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். இந்தப் பகுதியைத் தூக்க இரண்டு பேர் தேவை. ஒருவரே சாய்த்துத் தூக்கினால் கட்டைகள் நழுவும். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் தோல் பட்டை காற்றடைப்பு என்பதால், அதைக் கிழிக்காமல் பிரிக்க வேண்டும்.

துருத்தி: வேலையின் பெரும்பகுதி

வெளியே எடுத்த துருத்தியில் பெரியது ஒன்று, அதன்மேல் பூட்டிய சிறியவை இரண்டு. சிறியவை மிதியால் இயங்கிக் காற்றை வெளியேற்றுபவை. பெரியது சேமிப்பறை, உள்ளிருக்கும் வலுவான வில்கள் அதை விரித்துப் பிடிக்க, மிதிக்க மிதிக்க அது சுருங்கி வெற்றிடத்தைத் தக்கவைக்கிறது. பழைய துணியை அறுக்கும் முன்பு அந்த வில்களின் இழுவிசையை நினைவில் கொள்ளுங்கள். துணிதான் இதுவரை அவற்றைக் கட்டிப்போட்டிருந்தது. இரண்டு பலகைகளையும் கயிற்றால் கட்டிவிட்டு, பிறகு அறுத்து, மெல்லத் தளர்த்தி வில்களை எடுக்க வேண்டும். எந்த வில் எந்தத் துளையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைப் பலகையிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.

பழைய துணியை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி, பசை இளகியதும் முழுதாக உரித்தெடுங்கள். அதுதான் புதிய துணிக்கு அளவுச்சட்டை. மடிப்புகளுக்குள் விறைப்புக்காக ஒட்டியிருக்கும் அட்டைத் துண்டுகளின் இடைவெளியையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். அந்த இடைவெளி குறைந்தால் துருத்தி முழுதாக மடியாது.

புதிய துணி மெல்லிய ரப்பர் பூச்சுள்ள பருத்தித் துணியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போதே துணியை உதட்டில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிடலாம். காற்று வந்தால் அது வேண்டாம். என் முதல் பெட்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று ரெக்ஸின் போட்டேன். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் மடிப்பில் விறைத்து நின்று மிதியைத் திருப்பித் தள்ளியது, அடுத்த மழைக்காலத்துக்குள் ஓரங்கள் எல்லாம் வாய் பிளந்தன. அந்த வேலையை முழுதாக மறுபடியும் செய்தேன்.

பசை என்றால் தச்சர்களின் வஜ்ரம்தான். கட்டிகளைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, 60 பாகை செல்சியஸ் அளவில் இளக்க வேண்டும். கொதிக்கவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். மரவேலைக்கு எங்கும் கிடைக்கும் வெள்ளைப் பசை இதைவிட வசதியானதுதான். ஆனால் அது மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் பிறகு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. வஜ்ரத்தை வெந்நீரால் கழற்றலாம். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவருக்கு நாம் செய்யும் உதவி அது. அடைமழை நாட்களில் மட்டும் இந்த வேலையை எடுக்காதீர்கள்; வஜ்ரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

முதலில் கீல் பக்கத்தை ஒட்டி உலரவிடுங்கள். பிறகு துணியின் நடுக்கோட்டை அகலமாகத் திறக்கும் பக்கத்தின் நடுவில் பொருத்தி, அங்கிருந்து இருபுறமும் கீலை நோக்கி ஒட்டிக்கொண்டே செல்ல வேண்டும். இணைப்பு கீல் பக்கத்தில் விழும். அங்கே அசைவு குறைவு. மூலைகளில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். மூலையில் துணியை இழுத்து ஒட்டாமல், சற்றுத் தளர்வு விட்டு மடிப்பை விரலால் பழக்கிய பிறகே பசை தடவ வேண்டும்.

துணி மாற்றிய கையோடு உள்வால்வுகளையும் பார்த்துவிடுங்கள். துளைகளின் மேல் தொங்கும் தோல் பட்டைகளே அவை. காற்றை ஒரு திசையில் மட்டும் விடுபவை. விறைத்து வளைந்திருந்தால் புதிய மென்தோலால் மாற்ற வேண்டும். இரு முனைகளில் மட்டும் பிடித்து, நடுவில் நகக்கண் அளவு தூக்க முடிகிற தளர்வு இருக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் மிதி கனக்கும், அதிகம் தளர்ந்தால் படபடவென்று அடிக்கும். சேமிப்பறை முழுதாகச் சுருங்கியதும் தானே திறந்து காற்றை உள்ளே விடும் காப்பு வால்வு ஒன்றும் உண்டு; அதன் தோலும் வில்லும் நலமாக இல்லாவிட்டால், மிகையாக மிதிக்கும்போது புதுத் துணி கிழியும். மிதி நாடாவுக்கு நாடாக் கட்டில் பின்னும் தடித்த பருத்தி நாடா நன்றாகப் பொருந்தும். நைலான் நாடா உருளையில் வழுக்கும்.

துருத்திப் பலகையின் மேல்துளைகளை ஒரு பலகையும் மென்தோலும் கொண்டு அடைத்துவிட்டு, சுருங்கும் வரை மிதித்து நிறுத்துங்கள். சேமிப்பறை மீண்டும் விரிய அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் வேலை தேறிவிட்டது. சில நொடிகளில் விரிந்துவிட்டால் ஊதுபத்தியை மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

கட்டைகளும் வால்வுகளும்

எஸ்டே போன்ற பெட்டிகளில் வழக்கமாக 61 கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் உடலிலும் எண் பொறித்திருக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு சிறு மரக்குச்சி கீழே இறங்கி, ஃபெல்ட்டும் தோலும் ஒட்டிய நீளமான வால்வைத் தள்ளித் திறக்கிறது. கை எடுத்த பிறகும் ஒரு சுரம் தானாக அலறிக்கொண்டே இருந்தால், ஒன்று அந்தக் குச்சி ஈரத்தில் ஊதித் துளைக்குள் சிக்கியிருக்கும், அல்லது வால்வின் தோலில் குப்பை அமர்ந்திருக்கும். குச்சியின் மேல் பென்சில் கரியைத் தேய்த்தாலே பெரும்பாலும் வழுக்கி ஓடும். எண்ணெய் விடவே கூடாது. மரம் எண்ணெயைக் குடித்து இன்னும் ஊதும்.

வால்வின் ஃபெல்ட்டைப் பூச்சி தின்றிருந்தால் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் மாற்ற வேண்டும். நாலைந்தை மட்டும் மாற்றினால் கட்டைகளின் உயரம் பல்வரிசை போல ஏறி இறங்கி நிற்கும். ஸ்டாப் குமிழை இழுத்தால் ரீட் அறையின் வாயை மூடியிருக்கும் தோலிட்ட பலகை எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் கம்பியின் இணைப்பைப் பாருங்கள். வோக்ஸ் ஹ்யூமனா என்ற ஸ்டாப் உள்ள பெட்டியில் காற்றால் சுழலும் ஒரு விசிறி இருக்கும். அதன் அச்சைத் துடைத்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் போதும்.

ரீட்

இப்போதுதான் ரீட்டின் முறை. அமெரிக்கப் பெட்டியில் ரீட்கள் திருகப்பட்டிருப்பதில்லை, மரக்குழிக்குள் செருகப்பட்டிருக்கும். அடிப்பகுதியில் உள்ள வரியில் கொக்கி மாட்டி நேராக வெளியே இழுக்க வேண்டும். இடுக்கி போட்டால் நாக்கு வளைந்துவிடும். ஒரு பலகையில் 61 கோடுகள் கீறி, ஒவ்வொரு வரிசை ரீட்டையும் எடுத்த ஒழுங்கிலேயே அடுக்குங்கள். நாக்கின் நுனி சற்றே வளைந்தும் முறுக்கியும் இருப்பதைப் பார்த்து 'நேராக்க' முனைய வேண்டாம். ஒலியை மென்மையாக்கத் தொழிற்சாலையிலேயே கொடுத்த வளைவு அது. அதை நிமிர்த்தினால் அந்தச் சுரம் தகர டப்பா ஒலி எழுப்பும்.

மென்மையான தூரிகையால் ஆணியடித்த அடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் நாக்கு ஒருபுறம் நகர்ந்து சட்டத்தை உரசும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இளஞ்சூடான சோப்பு நீர் போதும், அதன் பின் முழுதாக உலர வேண்டும். புளி போட்டு விளக்குத் துலக்குவதுபோல் பளபளப்பாக்க வேண்டாம். மினுமினுப்புக்காகத் தேயும் ஒவ்வொரு துகளும் சுருதியை மாற்றும். ரீட் சரசரவென்று கரகரத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நாக்கின் இருபுறமும் ஒளிக்கீற்று சமமாகத் தெரிய வேண்டும். துடைத்துத் திரும்பச் செருகியதுமே ஊமைச் சுரங்களில் பெரும்பகுதி பேசத் தொடங்கிவிடும்.

சுருதி சேர்த்தல்

பெட்டி இன்றைய 440 அளவில் ('ஏ' சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுகள்) இல்லை என்பதற்காக அதை அங்கே இழுத்துவர வேண்டியதில்லை. பிரான்ஸ் 1859இல் 'ஏ' சுரத்துக்கு 435 அதிர்வெண்ணைச் சட்டமாக்கியது. அமெரிக்கப் பெட்டிகளோ தத்தம் தொழிற்சாலை அளவில் நிற்கின்றன. எல்லாச் சுரங்களையும் ட்யூனர் செயலியில் அளந்து எழுதி, பெரும்பான்மை எந்த அளவில் நிற்கிறதோ அதையே சுருதியாகக் கொண்டு, அதிலிருந்து விலகியவற்றை மட்டும் திருத்துங்கள்.

நாக்கின் நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுரம் ஏறும். ஆணிக்கு அருகே சுரண்டினால் விறைப்பு குறைந்து சுரம் இறங்கும். நாக்கின் அடியில் மெல்லிய தகட்டைச் செருகித் தாங்கிக்கொண்டு, நுண்ணிய அரத்தால் ஒரு இழுப்பு. ரீட்டை அதன் குழியிலேயே செருகி, கைச்சூடு ஆறிய பிறகு கேட்க வேண்டும். வெளியே வைத்து வாயால் உறிஞ்சிப் பார்க்கும் சுரமும் குழிக்குள் எழும் சுரமும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு ரீட்களைச் சேர்த்து ஒலிக்கும்போது எழும் விம்மல்கள் மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டால் அவை இணைந்துவிட்டன என்று பொருள். செலஸ்டே வகை ஸ்டாப்பில் அந்த விம்மல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதால், அதைப் 'பிழை' என்று திருத்திவிடக் கூடாது.

மற்றவையெல்லாம் சீராக நிற்க, ஒரு சுரம் மட்டும் அரைக் கட்டைக்கும் மேல் இறங்கியிருந்தால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஆணிப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெரும்பாலும் அங்கே மயிரிழை விரிசல் இருக்கும். அந்த ரீட் சுருதி சேர்வதற்கில்லை. அதே சுரமுள்ள பழைய ரீட் ஒன்றைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

மிதித்து வாசித்தல்

பூட்டி முடித்த பெட்டியில் முதலில் ஒரே ஒரு ஸ்டாப்பை மட்டும் இழுத்து வாசியுங்கள். கால்கள் தாளத்துக்கு மிதிக்கக் கூடாது. பாட்டு எந்த நடையில் போனாலும் மிதி தன் நிதானத்தில், ஒரு கால் எழும்போது மறு கால் இறங்கியபடி போக வேண்டும். மிதிக்கும் ஓசை தாளத்தோடு சேர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் ஒலி தூக்கிப்போடும். வலது முழங்கால் நெம்புகோலை வெளியே தள்ளினால் ஒலி பெருகும், இடது நெம்புகோல் எல்லா ரீட் வரிசைகளையும் ஒன்றாகத் திறக்கும். அப்போது மிதியின் கனம் சட்டென்று குறைவதைக் காலே சொல்லும். பிரெஞ்சுப் பெட்டியில் 'இ' என்று குறித்த எக்ஸ்பிரஷன் ஸ்டாப்பை இழுத்தால் சேமிப்பறை விலகிக்கொண்டு, காலின் அழுத்தம் நேரே ரீட்டுக்குப் போகும். பாடகர் மூச்சைக் கையாள்வதுபோல் ஒலியைக் காலால் பெருக்கவும் தேய்க்கவும் முடியும். அது கைவர மாதக்கணக்கில் ஆகும்.

வாரத்தில் இரண்டு நாளாவது வாசிக்காத பெட்டியில் தோல் மீண்டும் விறைக்கும். அடியில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டுவையுங்கள். வாசித்து முடித்ததும் எல்லா ஸ்டாப்களையும் உள்ளே தள்ளிவிட்டே எழ வேண்டும். இழுத்தபடி விட்டால் ரீட் அறைகளின் வாய் திறந்தே கிடந்து, அன்றிரவுத் தூசி நேரே நாக்குகளின் மேல் இறங்கும்.